ஒரு கல் கம்மி

பதினோரு மணிக்கு இலக்கியாவின் அடுப்புக்கு உயிர் வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் உயிர். சமையல் மேடையின் கறுப்புக் கண்ணாடியில் சிவப்பு வளையம் மெல்லப் பூத்தது. இரண்டரை மணி நேரம் இருக்கும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ள எதையாவது வதக்கி முடித்துவிட வேண்டும். அடுப்போடு சேர்ந்து பேச்சிணைப்பும் திறந்துகொள்ளும்.

"ஏட்டி இலக்கி, அங்க சின்ன வெங்காயம் என்ன விலை?" சுவரிலிருந்து ஜெர்லினின் குரல் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவள். மெதுவாகப் பேசுவது எப்படி என்று அறுபத்தொரு வயதிலும் கற்றுக்கொள்ளவில்லை.

"நூறு கிராம் ஐந்நூறு அக்கா."

"இங்க அறுநூறு. நேத்து மார்க்கெட்டுல ஒருத்தி வெங்காயத்தைக் கையில வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கா. உரிக்கவே இல்லியேம்மா, அதுக்குள்ள ஏன் அழுதன்னு கேட்டேன். விலையக் கேட்டேன் அக்காங்கா."

ஓசூரிலிருந்து ஓவியா சிரித்தாள். மூவரில் இளையவள். வயது முப்பத்துநாலு. "நான் நேத்து ஒரு முருங்கைக்காய் வாங்கிட்டு லிஃப்ட்ல வந்தேன் அக்கா. எல்லாரும் அதையே பார்க்கறாங்க. கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்த மாதிரி."

"பேரு வச்சியா, இல்லியா?" என்றாள் ஜெர்லின்.

இலக்கியாவும் சிரித்தாள். அவள் வீட்டில் இன்று எழுந்த முதல் சிரிப்பு அது. கேளம்பாக்கத்தில் இருபத்துநாலாம் மாடியில், ஓராள் வீட்டில் இருப்பவள் அவள். பத்திரங்களில் பிழை பார்க்கும் வேலையை மேசையிலிருந்தே முடித்துவிடுவாள். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. ஜெர்லினின் முழங்கால் எந்தப் பருவத்தில் வலிக்கும், ஓவியா கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தைத் தேய்ப்பாள் என்பதெல்லாம் தெரியும். இரண்டு பேரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

வெப்ப ஆண்டுகளுக்குப் பிறகு ஓராள் வீடுகளுக்கு அடுப்பு தருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாய்க்காக ஓர் அடுப்பு எரிவது ஊர் தாங்காத ஆடம்பரம் என்றார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் முக்கல் அடுப்பு. தனியாக வாழும் மூன்று பேர் பதிந்துகொண்டால் மூவருக்கும் சேர்த்து ஓர் அடுப்பின் வெப்பம் கிடைக்கும். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் 'கல்' என்று பெயர். முறை வைத்து ஒரு கல் சமைக்கும். சமைத்ததில் சுவைக்கரண்டியை முக்கி எடுத்தால், அதன் ருசி மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சேரும். அங்கே இருப்பவர்கள் நாவில் மெல்லிய தகட்டை ஒட்டிக்கொண்டு வெண்கட்டியைத் தின்பார்கள். சத்தெல்லாம் அடங்கிய, சுண்ணாம்புச் சுவரைப் போல ஒரு ருசியுமில்லாத கட்டி. தகடு இருந்தால் அது மீன்குழம்புச் சோறாகும். சில நாள் மாம்பழப் புளிசேரியாகும். சாப்பிட்டு முடித்ததும் 'சுவை வந்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத நாள் ஏழு ஆனால் அந்தக் கல்லை எடுத்துவிடுவார்கள். பேச்சிணைப்பும் போய்விடும். வெறும் வெண்கட்டி மட்டும் வாசலுக்கு வரும்.

மற்ற நேரங்களில் இவர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்ளக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். யாரும் யாரையும் காரணமில்லாமல் கூப்பிடுவதில்லை. மணி அடித்தால் சாவுச் செய்தி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இலக்கியா புளியைக் கரைத்தாள். கத்திரிக்காய் எண்ணெயில் சுருங்கிக்கொண்டிருந்தது. கல்லுப்பு ஒரு கை போட்டாள். நாளைக்கு ஓவியாவின் முறை, மறுநாள் ஜெர்லினின் முறை. அந்த இரண்டு நாளும் என்ன சொல்வது என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. போன முறை 'புளிப்பு தூக்கல்' என்று சொல்லியாயிற்று. அதற்கு முந்தின முறை 'தாளிச்ச வாசனை தனியா தெரியுது'. மேசை இழுப்பறையில் இருந்த சின்ன நோட்டில் தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக் கூடாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் வெண்கட்டி அவளுக்கு வெண்கட்டியாகவே இருந்தது. தகட்டைக் கழுவி ஒட்டினாள். மறுநாளும் அப்படியே. தான் சமைத்ததைச் சட்டியிலிருந்து எடுத்துத் தின்றால் காரம், புளிப்பு எல்லாம் தெரிந்தது. தகடு வழியாக மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு நரம்பு தகட்டை ஏற்காமல் போவதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். புகார் சொன்னால் சோதிக்க ஆள் வரும். தகட்டில் பழுதில்லை, நாக்கில்தான் என்று எழுதிவிட்டுப் போகும். பிறகு இந்தக் குரல்கள் இல்லை. அதனால் அவள் பொத்தானை அழுத்தினாள். ஐந்து மாதமாக அழுத்திக்கொண்டிருந்தாள். தன் முறை வந்த நாட்களில் வயிறார உண்டு, மற்ற நாட்களில் நாவாரப் பொய் சொன்னாள்.

குழம்பு கொதித்தது. உப்புப் போட வேண்டுமே என்று நினைத்து, ஒரு கை அள்ளிப் போட்டாள்.

ஒரு மணிக்குச் சுவைக்கரண்டியை முக்கி எடுத்தாள். விளக்கு பச்சையானது. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் கையில் துப்பினாள். கடல்நீரை வற்றக் காய்ச்சினாற்போல் கரித்தது. கண்ணில் நீர் முட்டியது. ஐயோ, அனுப்பியாயிற்றே! ஜெர்லினின் வாயிலிருந்து எப்படியும் தப்ப முடியாது. வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள். காதைத் தயாராக வைத்துக்கொண்டு இலக்கியா காத்திருந்தாள்.

வெண்கட்டியை மெல்லும் ஓசை கேட்டது. ஓவியா தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குட்டி," என்றாள் ஜெர்லின். "ஆனா பாரு, உப்பு ஒரு கல் கம்மி."

ஜெர்லின் எதைச் சாப்பிட்டாலும் அதைத்தான் சொல்வாள். அவளுடைய முத்திரை அது. மற்ற நாட்களில் இலக்கியா இதற்கு எதிர்வழக்காடுவாள். இன்று ஓவியாவிடம் திரும்பினாள்.

"நிஜமா, ஓவியா?" என்று கேட்டாள்.

"அருமையா இருக்கு அக்கா." மறுபடி தண்ணீர் குடிக்கும் சத்தம்.

ஒன்றரைக்கு இணைப்பு மூடிக்கொண்டது. இலக்கியா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். ஜெர்லினுக்கும் வரவில்லை! இத்தனை மாதமாகத் தான் மட்டும் என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் ஒடுங்கிப்போனதெல்லாம் வீண். மூன்று வருடத்தில் முதல்முறையாக, காரணமில்லாத நேரத்தில், ஜெர்லினைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"யாருக்கு என்னட்டி ஆச்சு?" என்று பதறிக்கொண்டு எடுத்தாள் ஜெர்லின்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. குழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன் அக்கா. வாயில வைக்க முடியல."

"உனக்கு எப்பத்துல இருந்து?" என்றாள் ஜெர்லின். குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஆடியில இருந்து. உங்களுக்கு?"

"போன பங்குனி. ஈஸ்டருக்கு ரெண்டு நாள் முன்ன. அதான் எல்லாத்துக்கும் ஒரு கல் கம்மி, ஒரு கல் கம்மின்னுட்டே இருந்தேன். எது வச்சாலும் பொருந்துமில்லா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜெர்லின் சிரித்துச் சிரித்து இருமினாள். "இத்தனை நாளா என்னதான் தின்னீங்க?" என்று இலக்கியா கேட்டதற்கு, "நீ சொன்னதத்தான்," என்றாள். "தாளிச்ச வாசனைன்ன பாத்தியா ஒருநாள், அன்னைக்கு ரெண்டு கட்டி தின்னேன்." பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும். பாவம், சின்னது. பயந்துகிட்டு இருக்கும். நீ சொல்லிரு," என்று தொலைபேசியை வைத்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இலக்கியா ஓவியாவைக் கூப்பிட்டாள்.

"ஓவியா, இன்னைக்குக் குழம்புல உப்பு..."

"தெரியும் அக்கா," என்றாள் ஓவியா. "நாக்கு இன்னும் எரியுது. மூணு சொம்பு தண்ணி குடிச்சுட்டேன்."

இலக்கியா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"உனக்கு... வருதா?"

"வருதுக்கா. எப்பவுமே வருது."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஜெர்லின் அக்கா மாட்டிக்குவாங்க. நீங்களும்." ஓவியா தயங்கினாள். "எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம் அக்கா. ஐப்பசில மழை கொட்டுச்சே, அன்னைக்கு என் முறை. சமைக்கவே மனசு வரல. வெந்நீர் வச்சு அதுல கரண்டியை முக்கினேன். மிளகு ரசம்னு சொன்னேன். ஜெர்லின் அக்கா ஒரு கல் கம்மின்னாங்க. நீங்க, மிளகு தூக்கலா இருக்கு, தொண்டைக்கு இதமா இருக்குன்னு சொன்னீங்க."

இலக்கியாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. சொன்னது மட்டுமில்லை, காரம் ஏறினாற்போல் மூக்கை வேறு உறிஞ்சிக் காட்டியிருந்தாள். அவள் முகம் சுட்டது. வெறும் கட்டியை மென்றுகொண்டு இந்தப் பக்கம் தான் ஆடிய நாடகம், மறுபக்கத்தில் ஒருத்தி முழு வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்த நாடகமாக இருந்திருக்கிறது.

"அன்னைக்கு நீ என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடறதைக் கேட்டுட்டு இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கோபுரத்தின் ஓராள் வீடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எல்லாத் திரைகளும் மூடியிருந்தன.

"உன் வயசுக்காரங்க அடுப்பு எவ்வளவோ இருக்கேம்மா," என்றாள் இலக்கியா. "இங்க யாருக்குச் சமைக்கிறே நீ?"

"இங்க வர்றதுக்கு முன்னால ஒரு அடுப்புல இருந்தேன் அக்கா. மூணு பேருக்கும் நல்லா ருசி தெரியும். சாப்பிடுவாங்க, பொத்தானை அழுத்துவாங்க, போயிடுவாங்க. ருசிதான் வந்துடுச்சே, அப்புறம் பேச என்ன இருக்கு? ஒரு மாசத்துல அவங்க பேர்கூட எனக்கு மறந்துபோச்சு." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு வரலன்னுதான் இவ்வளவு பேசறீங்கன்னு தெரியும். தெரிஞ்சாலும் கேட்க நல்லாத்தான் இருக்கு."

போய்விடு என்று சொல்ல வேண்டும். ருசி தெரிந்தவர்கள் இருக்கிற இடத்துக்கு, உன் சமையல் யாருக்காவது உறைக்கிற இடத்துக்குப் போ என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு கல் குறையும்; இந்த அடுப்பு அணையும். நோட்டில் இத்தனை மாதமாக எத்தனையோ சொற்களை எழுதிப் பழகியவள், இந்த ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நாளைக்கு உன் முறைதானே? என்ன சமைக்கப்போறே?"

கேட்டது தன் குரல்தான் என்று உணரவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஓவியாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கோபமில்லாமல், எப்போதும்போல, "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க அக்கா," என்றாள்.

"எனக்கு எதுவும் வேண்டாம்மா. உனக்குப் பிடிச்சதைச் செய். சாப்பிடப்போறது நீ ஒருத்திதானே."

"எனக்குப் பிடிச்சதா?" என்றாள் ஓவியா. அவள் யோசிப்பது இலக்கியாவுக்குக் கேட்டது. பருப்புருண்டைக் குழம்பு என்று தொடங்கி, இல்லை, அது ஜெர்லின் அக்காவுக்குப் பிடிக்கும் என்றாள். வேறொன்றைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். எங்கோ உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தாள். இலக்கியா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.