அண்ணனுக்கு எடுத்த இருக்கை

உலகத்தார் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: சூலு இனத்தின் பண்பாட்டைக் கட்டிக் காக்கும் பெரும்பொறுப்பு, காட்டோர விடுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆட்டம் காட்டும் வெலாபியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒப்படைத்தவரும் வெலாபியே. சிறுத்தைத் தோல் போல அச்சடித்த துணியை மார்பில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கேடயம், மறுகையில் காட்டிலந்தைக் கிளையுமாக அவன் விடுதி வாசலுக்கு நடந்து வந்தபோது, அது தன் சித்தப்பா மகன்தான் என்பது லுங்கானிக்கே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"இந்தா, உங்கண்ணன். பத்திரமா கூட்டிட்டுப் போ," என்றான் வெலாபி. "விடியக்காலைலயே போயிட்டேன்டா. எருமை துமிசானியைக் குத்துன அதே புதர். அங்கயே வெட்டி, மூணு தலைமுறைப் பேரும் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு."

வீட்டுக்கு வெளியில் செத்தவனின் ஆவி விழுந்த இடத்திலேயே நிற்கும். அங்கே வெட்டிய இலந்தைக் கிளையைக் காட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கூட வரும். கிளையைச் சுமப்பவன் வீடு சேரும்வரை உயிருள்ள யாரோடும் பேசக் கூடாது. ஒரு சொல் தவறினால் கூட வருபவன் வழி தவறிவிடுவான். தானே புதருக்குப் போக வேண்டும் என்றுதான் லுங்கானி கேட்டிருந்தான். "வெளியாளை உள்ளே விட மாட்டாங்க. நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்பில் தட்டிக்கொண்டவன் வெலாபி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே துமிசானிதான். சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்க அழுததும் வெலாபிதான்.

லுங்கானி கிளையை வாங்கிக்கொண்டான். அடியில் பிடிப்பதற்கு வாகாகத் தோல் சுற்றியிருந்தது. என்ன அக்கறை! இலைகள் மட்டும் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. காலையில் வெட்டியதா இது?

வேனில் இரண்டு இருக்கைகளுக்குக் காசு கொடுத்தான். ஓட்டுநருக்குப் புரிந்தது. "அண்ணன் ஜன்னலோரம் கேப்பாரா? கேட்டாக் குடுத்துருங்க தம்பி, வழியெல்லாம் சண்டை வேண்டாம்," என்று சிரித்தான்.

காட்டு வேலியை ஒட்டிச் சாலை ஓடியது. நாள் முழுக்க வண்டிகளைப் பார்த்துச் சலித்து, ஹாரன் அடித்தாலும் தலை தூக்காத மான்கள், இந்த வேன் நெருங்குவதற்குள்ளேயே புல்லைப் போட்டுவிட்டு ஓடின. காட்டெருமைக் கூட்டமொன்று மட்டும் ஓடவில்லை. கொம்புத் தலைகளை மெல்லத் திருப்பி, வேன் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு வந்தது. "அண்ணே, பாலத்தைக் கடக்குறோம், பயப்படாம வா," என்று லுங்கானி கிளையிடம் சொன்னான். பக்கத்து இருக்கை லேசாக அமுங்கியது. அவனுக்கு அழுகையும் ஆறுதலும் சேர்ந்து வந்தன. பிறகுதான் மூக்கில் ஏறியது: கலங்கிய குட்டைச் சேறும் நீர்யானைச் சாணமும் கலந்த நாற்றம். துமிசானி செத்தது தண்ணீரே இல்லாத முட்புதரில்.

"அட, இது நம்ம ஆட்டக் கிளைல்ல?"

பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள், விடுதி அடுக்களையில் வேலை செய்யும் மாசுங்கு. "இந்தத் தோலைச் சுத்துனதே நான்தான். ஒரு வெள்ளக்காரம்மா கையில முள்ளு குத்திருச்சுன்னு ஒரே கூப்பாடு. உனக்கு எப்படிக் கெடச்சுது? வெலாபி குடுத்தானா? இன்னிக்கு வெயில் ஏறுற வரைக்கும் குறட்டை விட்டானே அவன்!"

லுங்கானி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"தெனம் சாயங்காலம் நீர்யானைக் குட்டைகிட்ட நின்னு, 'வா, வீட்டுக்குப் போலாம்'னு இழுத்து இழுத்துக் கூப்பிடுவான். வாயில வந்த பேரு. ஒருநாள் எங்க வீட்டுக்காரர் பேரையே கூப்பிட்டான், அந்த மனுஷன் வீட்டுல பீர் குடிச்சிட்டு உக்காந்திருக்கார்! டூரிஸ்டுங்க படம் எடுத்து முடிஞ்சா, கிளையை அடுக்களைக்குப் பின்னால சாத்திருவான். அந்தக் குட்டையில செத்துப் போனவங்க கொஞ்சமா? வருஷக்கணக்கா கூப்பிடுறான், ஒருத்தரையாவது எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கானா?"

சிரிக்கப் போனவள் லுங்கானிக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "டிரைவர், இங்கயே நிறுத்து."

"உங்க ஊரு இன்னும் வரலியேக்கா."

"நிறுத்துன்னேன்ல!"

அவள் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மேட்டில் வேன் முனகியது. "உள்ள இருக்கறது நீ ஒருத்தன். கல்லு ஏத்துன மாதிரி இழுக்குது," என்றான் ஓட்டுநர். அவன் அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. பின் இருக்கை கிறீச்சிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. லுங்கானியின் பிடரியில் ஈர மூச்சு பட்டது. தூக்கி எறிந்துவிடலாம் கிளையை. ஆனால் இத்தனை பேரில் ஒருவன் துமிசானியாக இருந்தால்? வெலாபி ஒரே ஒரு தடவையாவது, ஆட்டத்துக்கு நடுவிலாவது, அவன் பேரைச் சொல்லியிருந்தால்?

எறியவில்லை.

இருட்டும் நேரத்தில் வீடு வந்தது. தொழுவத்து மாடுகள் மொத்தமும் எதிர்ப்பக்க வேலியில் போய் முட்டி நின்றன. நாய் குரைக்கவில்லை. அம்மா குடிசை வாசலில் புதுப் போர்வையோடு நின்றாள்.

லுங்கானி தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம் அம்மா. வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே கெஞ்சினான். அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"குடுடா. ரொம்ப தூரம் தூக்கிட்டு வந்துட்ட."

அவன் பிடியை விடவில்லை. தோல் சுற்றாத இடத்து முள் உள்ளங்கையைக் கிழித்தது. அவள் விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். மூதாதையர் இடமான பின்சுவரோரம், பாயின் மேல் கிளையைக் கிடத்தினாள்.

விளக்குச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. வாசலில் அவன் தோளை உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போயிற்று. மறுபடி. மறுபடி. சாணம் மெழுகிய தரையில் ஈரத் தடங்கள். பாய் நிறைந்தது. சுவரோரம் நிறைந்தது.

அம்மா மண்டியிட்டாள். "துமிசானி, வந்துட்டியாப்பா?"

"வந்துட்டேம்மா," என்று எல்லோரும் சொன்னார்கள். கிழக் குரல், பெண் குரல், பேச்சு சரியாக வராத குழந்தைக் குரல். லுங்கானி ஒவ்வொன்றாகக் கேட்டான். அண்ணன் குரல் அதில் இல்லை.

ஒருவனுக்குத்தான் சமைத்திருந்தார்கள்.