நஷ்டம் காட்டாத ஊர்

மீன்பிடி ஊரான முரல்துறையில் அன்றும் விடிந்ததும் கரண்ட் போயாச்சு. ஜெசிந்தா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தன் ஐஸ் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டு மின்பகிர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

நாட்டில் மின்சாரம் பற்றாமல் போனதிலிருந்து எந்த ஊருக்கு மின்வெட்டு என்பதை மந்திரி முடிவு செய்வதில்லை. இழப்புமானி என்ற கணிப்பு இயந்திரம்தான் முடிவு செய்தது. கரண்டை நிறுத்தினால் எந்த ஊரில் எவ்வளவு தொழில் படுக்கும் என்று தினமும் கணக்குப் போடும். நஷ்டம் குறைவான ஊருக்கு வெட்டு அதிகம். சிபாரிசு செல்லாது, லஞ்சம் செல்லாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"எங்க ஊரை மட்டும் ஏன் சார் போட்டு வதைக்கிறீங்க?"

அதிகாரி வரதன் திரையைப் பார்த்தார். "வெட்டு கூடியும் உங்க ஐஸ் உற்பத்தி குறையவே இல்லையேம்மா. மீனும் கெடலை. நஷ்டமே இல்லைன்னு காட்டுது."

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் எட்டிப்பார்க்கிற நேரமெல்லாம் ஓடிப்போய் ஐஸ் போட்டு, உமியில் புதைத்து, படகுக்காரர்களிடம் கெஞ்சிக் கடலுக்குப் போகிற நேரத்தையே மாற்ற வைத்து, நாய் படாத பாடு பட்டிருந்தாள்.

"சமாளிச்சது குத்தமா சார்?"

"மானிக்கு உங்க பாடு தெரியாதும்மா. நஷ்டம்தான் தெரியும்."

"அப்ப நஷ்டத்தையே காட்டுறோம்!"

ஊர் திரும்பியதும் படகுச் சங்கத் தலைவர் சேவியரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டாள். கதவடைப்பு! நமக்குப் பழகிய ஆயுதம்தானே. ஃபேக்டரி, ஏலக்கூடம், டீக்கடை எல்லாம் மூடின. படகுகள் கரையேறின. ஐஸ் உருகி வாசல்வழியே ஓடியதை ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓடட்டும், மானி கண்ணுல படட்டும்" என்றாள்.

பட்டது. அடுத்த வாரம் வரதன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஊரே படுத்துட்டதா மானி பதிஞ்சுக்கிச்சும்மா."

"அப்பாடா! இனி கரண்ட் வரும்ல?"

"அது நடந்த நஷ்டத்தைப் பாக்காதும்மா. இனிமே வெட்டினா என்ன குறையும்னுதான் பாக்கும். மூடிக் கிடக்கிற ஊருல குறைய என்ன இருக்கு? உங்க லைனை மொத்தமா பக்கத்து ஊருக்கு மாத்திடுச்சு."

"நாளைக்கே திறக்கிறோம் சார்!"

"கரண்ட் இல்லாம எப்படிம்மா ஃபேக்டரியைத் திறப்பீங்க?"

ஜெசிந்தா போனை வைத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. விஷயம் கேட்ட சேவியர் ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்கக்கா, டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போம். எப்படியாவது சமாளிச்சிரலாம்."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க!" ஜெசிந்தா கத்தினாள். "நாம சமாளிக்கிறது தெரிஞ்சா, அது ஜென்மத்துக்கும் கரண்ட் தராது!"