பதினொரு நிமிட டேப்

ரீல் டேப் ஓட்டும் இரண்டாவது டெக்கை மாடிக்குத் தூக்கி வருவதற்குள் மெக்கானிக்குக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேசையில் ஏற்கெனவே இருந்த டெக்கின் வலப்பக்கம் அதை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். ஒரே கம்பெனி, ஒரே மாடல். இரண்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன.

இடப்பக்கம் இருந்தது வீட்டுக்காரருடையது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்த டெக் மீது அவருக்கு இருபது வருடப் பைத்தியம். வாங்கி வந்த அன்றே அவர் மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். அதில் பொய்யும் இல்லை. கடையை அடைத்துவிட்டு வந்ததும் வராததுமாக அதன் முன்னால்தான் போய் உட்காருவார். தட்டு அகல ரீலை மாட்டி, டேப்பை உருளைகளுக்கு நடுவே நுழைத்து, முனையைக் காலி ரீலில் இரண்டு சுற்று சுற்றிவிடுவார். புல்லாங்குழல் அறையை நிறைக்கும். ஒலியளவு காட்டும் முள் பாட்டுக்கு ஏற்றபடி துள்ளும். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேலி பண்ணுவாள். ஆஸ்துமாக்காரி, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இழுத்து மூச்சு வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேலியைத் தொடர்வாள்.

அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவள் குரல் என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு டேப். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவளைப் பேசச் சொன்னபோது, அவள் டெக்கையே வம்புக்கு இழுத்துப் பேசியது. பதினொரு நிமிடம்.

அந்தப் பத்து மாதத்தில் அவர் அதை எத்தனை தடவை கேட்டாரோ, கணக்கில்லை. ஓட ஓட டேப்பிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. உதிர்ந்தது அவள் குரல்தான் என்று புரிந்தபோது அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“இன்னும் ஒரு தடவைதான் சார் தாங்கும்,” என்றார் மெக்கானிக். “அதையும் கேட்டே தீத்துடாதீங்க. காப்பி எடுத்துடுங்க.”

இரண்டு டெக்குகளையும் வயரால் இணைத்துவிட்டு, உங்கள் டெக்கில் அம்மா டேப்பை ஓட விடுங்கள், என் டெக்கில் பதியுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். சிவப்பு பட்டனையும் ஓடவிடும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் பதியும், தவறிப்போய் யாரும் எதையும் அழித்துவிடக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு என்றும் சொன்னார். அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனார்.

மதியம் இரண்டு மணி. கண்ணாடிக்காரர் ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினார். அதற்கெல்லாம் தேவையே இல்லை; மனசு கேட்கவில்லை. அவள் குரல் காதில் விழுந்தால் வேலை கெட்டுப்போகும் என்று ஸ்பீக்கரையும் அணைத்தார். அவள் கடைசியாகப் பிடித்துப் பேசிய மைக் இன்னும் இடப்பக்க டெக்கில்தான் சொருகியிருந்தது. அதைப் பிடுங்க இன்றுவரை அவருக்கு மனம் வரவில்லை.

கடவுளை வேண்டிக்கொண்டு பட்டன்களை அழுத்தினார். நான்கு ரீல்களும் சுழன்றன. இடப்பக்க முள் துள்ளியது. பேச்சுக்குத் துள்ளுவது போலவே விட்டு விட்டுத் துள்ளியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பத்தாவது நிமிடத்தில்தான் வலப்பக்க முள் அசையாமல் கிடப்பதைப் பார்த்தார்.

சிவப்பு பல்பு இடப்பக்கம் எரிந்துகொண்டிருந்தது.

இருபது வருடப் பழக்கம். சிவப்பு பட்டனை அழுத்த, விரல்கள் தாமாகவே தம் பழைய டெக்கைத் தேடிப் போயிருந்தன. அவள் டேப்பின் மேல், வெறும் அறையை அவர் பதிந்துகொண்டிருந்தார்.

தரையில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. நெஞ்சு வெடிக்கக் கதறினார். யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

“என் குரல எடுத்துக்கோ. அவ குரல மட்டும் குடுத்துடு.”

டேப் முனை கழன்று, ரீல் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றியது.

வெகு நேரம் கழித்து எழுந்தார். எங்காவது ஒரு வார்த்தை தப்பியிருக்காதா என்ற நப்பாசையில் டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, ஸ்பீக்கரைப் போட்டார்.

முதலில் அவர் நாற்காலியின் கிறீச். அப்புறம் இழுத்து வாங்கும் ஒரு மூச்சு.

“ஏங்க... கைய எடுங்க.”

அவள்தான். ஆனால் அந்த டேப்பில் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

“அது என் டேப்புங்க... நிறுத்துங்க... சிவப்பு லைட்டப் பாருங்க...”

மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி, பத்து நிமிடம் அவள் கெஞ்சியிருந்தாள். முள் துள்ளியது அதற்குத்தான். அவரோ பக்கத்திலேயே உட்கார்ந்து, வேலை நல்லபடியாக நடக்கிறதென்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அழுகை பீறிட்டது.

அவர் கதறிய இடம் வந்தது.

அந்த இடத்தில் அவர் குரல் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

பிறகு, மைக்கை உதட்டில் ஒட்டிவைத்துக்கொண்டது போல மிக அருகில், ஒரே வார்த்தை.

“சரி.”

அவள் குரல்தான். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இல்லை.

அவர் ஓடிப்போய் இரண்டு டெக்குகளின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஹலோ என்றதும், தம்பி, உடனே வாங்க, இதை எடுத்துக்கொண்டு போங்க என்று கத்தினார். தொண்டை நரம்பு புடைத்தது, வாய் அசைந்தது.

அறையில் ஒரு சத்தமும் எழவில்லை.

“ஹலோ? சொல்லுங்கம்மா,” என்றார் மெக்கானிக். “சார் இல்லையா?”

இல்லை, இல்லை, நான்தான் என்று மறுபடியும் கத்தினார்.

மெக்கானிக் சற்று நேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார்.

“வீட்டம்மான்னு சொல்றீங்க. அவங்க தவறிட்டாங்களேம்மா. நீங்க யாரு?”

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். பிடுங்கிப் போட்ட வயர் தரையில் கிடந்தது. ரீல்கள் அசையாமல் நின்றன.

இடப்பக்க டெக்கின் முள் மட்டும், போனில் யாருக்கோ பதில் சொல்வது போல, துள்ளித் துள்ளி அடங்கியது.