காற்று இறங்காத சக்கரம்

மூன்று சக்கரங்களில் காற்று இறங்கிவிட்டது. நான்காவதில் காற்று வருவது நிற்கவில்லை.

முனாப் வால்வு பின்னைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வைகாசி வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. ஓட்டுக் கொட்டகைக்குள் கடலைத்தோல் வாடையும் எலிப்புழுக்கை வாடையும் கட்டிப்போன கிரீஸ் வாடையும் சூட்டில் ஒன்றாய்க் குழைந்து மூக்கை அடைத்தன. ஓட்டு இடுக்குகளில் இறங்கிய வெளிச்சம், கட்டைகளின்மேல் நிறுத்தியிருந்த பழைய கறுப்புக் காரின் முதுகில் கீறல் கீறலாக விழுந்திருந்தது. இத்தனைக்கும் நடுவே, தரையில் படுக்கவைத்த அந்தச் சக்கரத்திலிருந்து மெல்லிய சத்தமாகக் காற்று வந்துகொண்டே இருந்தது.

முனாப்புக்குக் கடத்தூரில் டயர் கடை. இந்தக் கொட்டகை ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, பண்ணைக்காரர் காளியப்பனின் தோட்டத்து வீட்டில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது காளியப்பன் வாங்கிய கார் அது. பதிமூன்று வருடமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை. அடுத்த வாரம் அரூரில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போகவேண்டும் என்று காளியப்பன் சேலத்திலிருந்து புது டயர்கள் வரவழைத்திருந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டித் தர முனாப்பைக் கூப்பிட்டிருந்தார்.

அந்த மாதிரிக் கார்களில் டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது, ஓரிடத்தில் வெட்டு விட்ட ஓர் இரும்பு வளையம். உள்ளே காற்று இருக்கும்போது அதில் லிவரை வைத்து நெம்பினால் வளையம் கத்தி மாதிரிப் பறக்கும். சேலத்தில் வேலை பழகிய காலத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருவனுக்கு முகமே போனதை முனாப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் ஒரு முறையை விட்டதில்லை. முதலில் பின்னை எடுக்கவேண்டும். காற்று முழுக்க நிற்கவேண்டும். வால்வில் எச்சிலைத் தொட்டுவைத்தால் குமிழ் வரக்கூடாது. அதற்குப் பிறகுதான் லிவர். அப்போதும் வளையத்துக்கு நேராகக் குனியக்கூடாது.

மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. இதற்கு அவன் ஒரு முழு பீடி குடித்து முடித்துவிட்டான்.

சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தான். டயரின் பக்கவாட்டில் நாலு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே விரலை விட்டால் காய்ந்த நூலும் மண்ணும். அதில் காற்று தங்க வழியே இல்லை.

வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்தான். குமிழ் ஒன்று உப்பி உடைந்தது. இன்னொன்று உப்பி உடைந்தது. மூன்றாவது உப்பியது. உடையவில்லை. சிறுத்து, வால்வுக்குள்ளேயே போனது.

முனாப் அசையவில்லை.

மறுபடியும் உப்பியது. மறுபடியும் உள்ளே போனது.

கட்டைவிரலை வால்வின்மேல் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தபோது நுனி ஈரமாக இருந்தது. முகர்ந்தான். ரப்பர் வாடை இல்லை. நாள்கணக்கில் மூடிக்கிடந்த வாயின் வாடை.

"என்ன பாய், இன்னுமா ஆவல?" காளியப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார்.

"காத்து வர்றது நிக்கலைங்க."

"காத்தா? அது தரையோட தரையா சப்பிக் கெடக்குது. அதுல ஏது காத்து?"

"சத்தம் கேக்கலைங்களா?"

காளியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் காலடியில் சக்கரம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. "ஒரு சத்தமும் இல்ல. வெயில்ல உங்களுக்குத் தல சுத்துதாட்டம் இருக்குது. நான் பந்தக்காரனப் பாத்துட்டு வர்றன். அதுக்குள்ள கழட்டி வையுங்க."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி தீர்த்தம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டினாள். முனாப் எழுந்து போய் வாங்கிக்கொண்டான்.

"அந்தச் சக்கரத்த மட்டும் வுட்டுடுங்க பாய்," என்றாள்.

"ஏங்கம்மா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கும் கேக்குதுங்களா?"

முனாப் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள். அதில் நிம்மதி எதுவும் இல்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "இந்தக் கார ஓட்டிட்டிருந்த டிரைவர் மாரப்பன். பாப்பாரப்பட்டிப் பக்கம். பஞ்சர் ஒட்டி, இங்கதான் உக்காந்து காத்து அடிச்சிட்டு இருந்தான். வளையம் சரியா உக்காரல, எறக்கிட்டு மறுபடியும் அடிக்கணும்னான். இவருக்குக் கோர்ட்டுக்கு நேரமாவுது. சும்மா அடிடான்னாரு. வளையம் வந்து தொண்டையில அடிச்சிது."

கொட்டகைக்குள் சக்கரம் இழுத்தது. விட்டது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமுங்க. கேஸாயிடும்னு பயந்துட்டாரு. எங்கயும் போவாத, சத்தம் போடாதன்னு என்னைய வூட்டுக்குள்ள உக்கார வெச்சிட்டாரு. அவன் தொண்டையில ஓட்டை. வாயால இல்ல, அதுலதான் மூச்சு வந்துது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும், சொவத்துக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தன் பாய். கெணத்துல வுழுந்து செத்துட்டான்னு சொல்லி அவன் ஊருக்குப் பொணமா அனுப்பிச்சாங்க. வெளியூர் ஆள வெச்சி வளையத்த மாட்டினாரு. காரை அப்புறம் எடுக்கவே இல்ல."

"மூச்சு நின்னதுக்கு அப்புறந்தான அனுப்பிச்சாங்க?"

"நின்னுடுச்சுன்னு அவுருதான் சொன்னாரு," என்றாள் தீர்த்தம்மாள். "எனக்கு நிக்கவே இல்ல."

முனாப் மோரைக் குடிக்காமல் கீழே வைத்தான். லிவர்களை எடுத்துக் கோணிப்பையில் போட ஆரம்பித்தான். இரண்டாவது லிவரை எடுக்கும்போது காளியப்பன் திரும்பிவிட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"இது என்னால ஆவாதுங்க. வேற ஆளப் பாருங்க."

காளியப்பன் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. முனாப்பின் கையிலிருந்த லிவரைப் பிடுங்கினார். சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். வளையத்துக்கு நேராக. குனிந்து.

"நேரா குனியாதீங்க! பக்கமா வாங்க! காத்து இருக்குதுங்க!"

அப்போது சத்தம் நின்றது.

முனாப் காதைத் தீட்டிக் கேட்டான். இல்லை. ஈ பறக்கும் சத்தம். ஓடு சூட்டில் நெரியும் சத்தம். வேறொன்றும் இல்லை.

எச்சிலைத் தொட்டு வால்வில் வைத்தான். குமிழ் இல்லை.

"இப்ப என்ன?" என்றார் காளியப்பன்.

"நின்னுடுச்சுங்க." அவன் முறைப்படி இனி பயமில்லை. ஆனால் இறங்கி முடிந்த காற்று அப்படி நிற்காது. தேய்ந்து தேய்ந்து ஓயும். இது பிடித்து வைத்த மூச்சு. "இருந்தாலும் வேணாமுங்க..."

காளியப்பன் நெம்பினார்.

கிளுக் என்றது. வளையம் சாதுவாகக் கழன்று அவர் கையோடு வந்தது. டயர் இரண்டாக மடிந்தது. உள்ளே ட்யூப் இல்லை. மாவு மாதிரிக் கொஞ்சம் கறுப்புத் தூள். அதன்மேல் வால்வு மட்டும் தனியாகக் கிடந்தது.

காளியப்பன் நிமிர்ந்தார். சிரித்தார்.

சிரிப்புக்குக் குரல் இல்லை.

உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்கிறார். வார்த்தை இல்லை. காற்று மட்டும். ஸ்ஸ். அவர் அதை உணரவில்லை, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உணர்ந்தார். கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். காயம் இல்லை. ரத்தம் இல்லை. மோவாய்க்குக் கீழே, மூடிய தோலின் ஒரு சிறு இடம் உப்பியது. உள்ளே போனது. உப்பியது.

"அம்மா! வண்டி பூட்டச் சொல்லுங்க! ஆஸ்பத்திரிக்கு..."

தீர்த்தம்மாள் வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள். அவர் ஒரு கையை அவளிடம் நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொட்டகையின் இரண்டு கதவுகளையும் வெளியிலிருந்து இழுத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஓட்டு இடுக்கின் கீறல்கள் தவிர இருட்டு.

முனாப் ஓடிப்போய்க் கதவை இடித்தான். "அம்மா! தொறங்க! நான் என்ன பண்ணேன்? தொறங்க!"

வெளியே புடவை சரசரத்தது. அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கதவின் கீழே இருந்த வெளிச்சக் கோடு பாதி மறைந்தது.

"சத்தம் போடாதீங்க பாய்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "சாயங்காலம் வரைக்கும்தான்."

பின்னால் தரையில் கடலைத்தோல் நொறுங்கியது. எதுவோ தவழ்ந்து வந்தது. இழுத்தது. விட்டது. ஈரமான விரல்கள் அவன் கணுக்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.