அம்மா தலையும் மாம்பழ ஐஸும்

எங்கள் வீட்டில் ‘ஐஸ்’ என்பது கெட்ட வார்த்தை. யாராவது தும்மினால் அதற்குக் காரணம் ஐஸ். இருமினாலும் ஐஸ். கணக்குப் பரீட்சையில் எனக்கு மார்க் குறைந்தபோதுகூட அம்மா, “ஐஸு ஐஸுன்னு தின்னா மூளை எப்படிடி வேலை செய்யும்?” என்றுதான் கேட்டாள்.

அப்படிப்பட்ட அம்மாவிடம் போய் ஒரு டாக்டர், “பையனுக்கு ஐஸ் குடுங்க. நிறையவே குடுங்க” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

பையன் என்றது என் தம்பியை. ஆறு வயதுதான். தாத்தா பெயரை அப்படியே தூக்கி வைத்துவிட்டதால் அவன் பெயர் சுயம்புலிங்கம். நாங்கள் சுயம்பு என்போம். அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்ததால் அவனுக்கு டான்சில் ஆபரேஷன் செய்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் அவன் வாய் திறந்து பேசவில்லை. போகட்டும். தொண்டை வலியில் நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடெல்லாம் காய்ந்துவிட்டது.

காலையில் அம்மா டாக்டருக்கு போன் செய்தாள். “சில்லுன்னு எதையாவது உள்ள இறக்கப் பாருங்க. சாயந்திரமும் குடிக்கலைன்னா கூட்டிட்டு வாங்க, டிரிப்ஸ் ஏத்திடலாம்” என்றார் அவர்.

டிரிப்ஸ் என்றால் ஊசி. ஊசி என்றால் சுயம்பு அழுகிற அழுகை கோட்டூர்புரம் பாலம் வரைக்கும் கேட்கும். இன்று சத்தமே வரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

“கடை ஐஸ் வேணாம். எந்தத் தண்ணியில செய்றானோ” என்றாள் அம்மா.

“நானே செய்றேம்மா” என்றேன்.

சிவப்பு நிறம் கூடாது, புளிப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தர்ப்பூசணி போச்சு, திராட்சையும் போச்சு. நல்லவேளை, வீட்டில் பங்கனப்பள்ளி மாம்பழம் இருந்தது. நன்றாகப் பிசைந்து, நார் இல்லாமல் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்த பாலையும் கொஞ்சம் சர்க்கரையையும் கலந்தேன். சின்ன டம்ளர்களில் ஊற்றினேன். குச்சிக்குப் பதில் ஸ்பூன். அது நேராக நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, டம்ளர் விளிம்பில் உட்கார வைத்தேன். ஆடாமல் அசையாமல் நின்றது!

ஃப்ரீசரில் வஞ்சிர மீன் டப்பா இருந்தது. அதைப் பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு வந்து, டம்ளர்களை உள்ளே வைத்தேன். மாம்பழ ஐஸில் மீன் வாடை அடித்தால் யார் சாப்பிடுவார்கள்?

மூன்று மணிக்கு டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் தேய்த்து, ஸ்பூனைப் பிடித்து இழுத்தேன். மஞ்சள் மஞ்சேளென்று முழுசாக வந்தது.

சுயம்பு வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

“ஒரே ஒரு வாய், என் ராசால்ல” என்று அம்மா கெஞ்சினாள். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் அப்பா, போனிலேயே சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார். ம்ஹூம், அவன் அசையவில்லை.

“நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடலாம்” என்று அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பை எடுத்து வைக்கப் போனாள்.

நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஐஸ் உருகிச் சொட்டியபோது அவன் எச்சில் விழுங்கினான். ஆசை இருக்கிறது! பிறகு ஏன் இந்த அடம்?

“ஐஸும் வலிக்கும்னு பயமா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“மாம்பழம் புடிக்கலையா?”

அதற்கும் இல்லை.

“சாப்பிடக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

தலை ஆடவில்லை. மெல்ல எழுந்து போனான். குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் தலைமேல் கையை வைத்தான். பிறகு கையை எடுத்து, பத்து விரல்களையும் படாரென்று விரித்துக் காட்டினான்.

“என்ன கண்ணா, பலூன் வேணுமா?” என்றாள் அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ!

போன மாதம் தெருமுனை வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் குச்சி ஐஸ் சாப்பிட்டோம். அன்று ராத்திரியே அவனுக்குக் காய்ச்சல். அம்மா அவனை உட்காரவைத்துக் கேட்டதெல்லாம், பாத்ரூமில் ஒளிந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது. “என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணு. இனிமே ஐஸைத் தொட்டா அம்மா தலை வெடிச்சிடும்!”

“அம்மா, நீ சத்தியம் வாங்கினியே, அதுக்குத்தான் பயப்படுறான்” என்றேன். “அன்னிக்கு அந்த ஐஸை வாங்கிக் குடுத்தது நான்தாம்மா. அவன் என்னைக் காட்டியே குடுக்கல.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அடப்பாவி... எனக்காகவா ஐஸைத் தொடாம இருந்த?” என்று அவனைக் கட்டிக்கொண்டாள்.

“அழுதது போதும். நீதானே சத்தியம் வாங்கின? நீயே சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துடு” என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். “சுயம்பு குடுத்த சத்தியத்தை நான் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே என் தலைக்கு ஒண்ணும் ஆகாது” என்று சத்தமாகச் சொல்லி, கையைத் தூக்கிவிட்டாள்.

சுயம்பு யோசித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவின் தலையை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தான்.

நான் ஐஸை நீட்டினேன். ஒரு நக்கு. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். இன்னொரு நக்கு. மெதுவாக விழுங்கினான்.

இரண்டு நாளில் முதல் தடவையாகக் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

“அம்மா... தலை வலிக்குதா?”

“இல்லடா தங்கம். துளிகூட வலிக்கல.”

அதற்குப் பிறகுதான் ஒரு கையை எடுத்து ஸ்பூனை வாங்கிக்கொண்டான். இன்னொரு கை மட்டும், ஐஸ் தீரும்வரை அம்மாவின் தலைமேலேயே இருந்தது.