ரயில் வராத ஏரிக்கரை

சனிக்கிழமை, காலை 7.40. கொரட்டூர்.

எட்டு மணிக்கு வெளியாகவேண்டிய காவ்யாவின் முதல் இசைத்தொகுப்பு இணையத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் அவளுடையதல்ல. 'ஆழி' என்று யாரோ. மேசைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. மூன்று வருட உழைப்புக்கு ஒரே அத்தாட்சி அதுதான். இனி அவள் வெளியிட்டால், திருடி என்று அவளைத்தான் சொல்வார்கள்.

9.15. இன்ஸ்பெக்டர் தாட்சாயிணி ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பாட்டு இல்லை, தாளம் இல்லை. அடியில் ஒரு மின்முனகல். அதன்மேல் மெல்ல மோதி விலகும் அலைகள். நாற்பத்து மூன்று நிமிடம்.

ஆழியின் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கொரட்டூர் ஏரிக்கரையில் விடியற்காலை பதிவு செய்த அலைகள்.'

"இது யார்கிட்ட இருந்துச்சு?"

"ரெண்டே பேர், மேடம். கூடத் தங்கியிருக்கிற பவ்யா. மிக்ஸிங் செஞ்ச நிர்மல். அவன் நேத்து மத்தியானம் ஸ்பீக்கர் பார்க்க வந்தான்," என்றாள் காவ்யா.

பவ்யா பொரிந்தாள். "எனக்கு எதுக்கு மேடம் அந்தக் கருமம்? அவ மைக்கை டெட்டால் ஊத்தி மூணு தடவை கழுவினதே நான்தான். ரெண்டு நாள் சோறு இறங்கல."

தாட்சாயிணி காவ்யாவைத் தனியாக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டு முகம் சுளித்தார்.

11.00. காட்டுப்பாக்கம். நிர்மலின் அறையில் ஊதுபத்தி புகைந்தது.

"ஆழியோட பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். நீங்க சொல்லித்தான் தெரியும். பாவம் காவ்யா. ஆறு மாசமா அந்த அலையை வச்சுத்தான் தியானமே பண்றேன். உடம்பெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்."

"எங்க பதிவு செஞ்சது?"

"ஏரிக்கரையிலதான். விடியற்காலையில."

"அவங்க சொன்னாங்களா?"

"ஆமா மேடம்."

12.30. மேனாம்பேடு. நிர்மலை ஒரு லாரிக்கு முன்னால் நிறுத்தினார்கள். வீடுகளில் கழிவுத்தொட்டியை உறிஞ்சி எடுக்கும் லாரி. தாட்சாயிணி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

ஓட்டுநர் ஆனந்தன் சிரித்தார். "இன்னா மேடம், நம்ம வண்டி பாடுதா? எங்க ஊட்ல என்னையே குளிக்காம உள்ள உடமாட்டாங்க!"

காவ்யா தன் மைக்கை, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பித்தளை வில்லையை, தொட்டியின் இரும்பில் ஒட்டினாள். லாரி மெல்ல நகர்ந்தது. கூடவே நடந்த நிர்மலின் காதில் அந்த வில்லையோடு இணைத்த ஹெட்போன். அதே அலை.

"சாதாரண மைக் காத்துல வர்ற சத்தத்தைக் கேக்கும்," என்றார் தாட்சாயிணி. "இந்த வில்லை, ஒட்டின பொருளோட நடுக்கத்தை மட்டும் கேக்கும். தண்டவாளத்துல காதை வச்சுப் பார்க்கிற மாதிரி. உள்ள பாதி சரக்கு. வண்டி ஓட ஓட அது சுவர்ல மோதுது, இரும்பு அதை மணி மாதிரி இழுத்து ஒலிக்குது. ஆறு மாசமா நீ தியானம் பண்ணினது இதை வச்சுத்தான். ரயில் பாதையை ஒட்டின அந்த ஏரிக்கரையில பதிவு செஞ்சிருந்தா நாற்பத்து மூணு நிமிஷத்துல ஒரு மின்சார ரயிலாவது ஹாரன் அடிச்சிருக்கணும். ஒரு காக்கா கத்தியிருக்கணும். எதுவுமே இல்ல."

நிர்மல் ஹெட்போனைக் கழற்றினான்.

"ஏரிங்கிறது பொய். காவ்யா யார்கிட்டயும் அப்படிச் சொன்னதே இல்ல. அந்தப் பொய் இருந்தது ஒரே இடத்துல, ஆழி எழுதின குறிப்புல. நீ அதைப் பார்க்கவே இல்லேன்னு சொன்ன. ஆனா ஏரிக்கரை, விடியற்காலைன்னு வரி மாறாம ஒப்பிச்ச. எழுதினவனுக்குத்தானே அது மனப்பாடமா இருக்கும்?"

நிர்மலின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து கான்ஸ்டபிள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தார்.

"கேக்கிற கூட்டம் சேர்ந்ததும், ஆழி நான்தான்னு முகத்தைக் காட்டலாம்னு..." நிர்மல் இழுத்தான்.

"கூடவே உக்காந்து வேலை செஞ்சவளோட பேரையே வழிச்சு எடுத்திருக்க. த்தூ!" தாட்சாயிணி கைக்குட்டையை இறக்கித் தரையில் துப்பினார். "அந்தப் பக்கத்தை இப்பவே அழி. என் கண்ணு முன்னால."

அழித்தான். பிறகு சட்டை நுனியால் காதுகளை அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

ஆனந்தன் சன்னலில் எட்டிப் பார்த்தார். "மாமே, ஆறு மாசமா அதத்தான கேட்டுகினு கீற? இப்ப இன்னாத்துக்குத் தொடைக்கிற?"