கடித்துக்கொண்டே இருங்க

கன்னத்தில் இருந்த ஐஸ் இந்நேரம் உருகியிருக்க வேண்டும். கண்டக்டர் கண் விழித்தபோது மணி இரண்டேகால். பன்னிரண்டரைக்குக் கிளம்பும்போது மனைவி கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த ஐஸ் அது. அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். தடவிப் பார்த்தால் துணிக்குள் கட்டி கட்டியாக நெருடியது. ஒன்றுகூடக் கரையவில்லை.

மாத்திரை மயக்கம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். கடைவாயில் கோணலாக முளைத்து ஒரு மாதம் உயிரை எடுத்த ஞானப்பல்லைக் காலையில்தான் பிடுங்கியிருந்தார்கள். "பஞ்சை இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது, துப்பக் கூடாது. வாயைத் திறந்தா ரத்தம் நிக்காது," என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நாளெல்லாம் பஸ்ஸில் கத்தியே பிழைக்கிற மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? மனைவிக்கோ ஒரே சிரிப்பு.

"பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் வீடு அமைதியா இருக்கு," என்றாள். அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "ஆபீஸ் போன்லேர்ந்து கூப்பிடுறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க. உங்க விசில் கணக்குதான். ரெண்டு தட்டு தட்டினா ரைட்டு, ஒண்ணு தட்டினா வேண்டாம்." எவனாவது மணியடித்து எழுப்பிவிடப் போகிறான் என்று கதவை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வர ஆறு மணியாகும்.

தலைக்கு இரண்டு தலையணைதான் வைத்துவிட்டுப் போனாள். இப்போது பார்த்தால் மூன்றாவதும் இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டிலிலிருந்து சமையலறை வரை தரையில் நீர்த்துளிகள், ஒழுங்காக, ஓர் எட்டுக்கு ஒன்றாக. ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஐஸ் தட்டில் பாதிக் குழிகள் காலி. மேடைமேல் ஒரு கிண்ணம், அதற்குள் ரத்தத்தில் ஊறிய பஞ்சுகள், மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக. மூன்று இருந்தன. அவர் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

வாய்க்குள் இருக்கும் பஞ்சு?

வலது பக்கம் பூராவும் மரத்துக் கிடந்தது. உதடு அவருடையதாகவே இல்லை, நாக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. தூங்கும்போது யாரோ வாயைத் திறந்து, பழசை எடுத்து, புதுசை வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய்க் கதவை இழுத்தார். பூட்டு ஆடியது, கதவு ஆடவில்லை.

போன் அடித்தது. அப்பாடா, அவள்தான்! கட்டிலில் விழுந்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னங்க, தூங்கினீங்களா?"

போனின் முதுகில் நகத்தால் இரண்டு தட்டு.

"என்னமோ பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதே. வீட்ல தனியாத்தானே இருக்கீங்க?"

ஒரே ஒரு தட்டு. விரலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். புரிந்துகொள் தாயே, வந்து கதவைத் திற.

டொக்.

இன்னொன்று. காதுக்கு மிக அருகில்.

"ரைட்டு. ரேடியோவா இருக்கும். தூங்குங்க," என்று வைத்துவிட்டாள்.

சமையலறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த, ஐஸ் தட்டைத் திருகும் சத்தம் நின்றது. ஈரத் துணியின் வாடை வந்தது. தரையில் சொட்டு. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு சொட்டு. அறையில் யாரும் இல்லை.

ரத்தமாவது மண்ணாவது! பஞ்சைத் துப்பிவிட்டு, ஜன்னலில் நின்று தெருவே திரும்பும்படி கத்துவதென்று முடிவு செய்தார். வாயைத் திறந்தார். தாடைக்குக் கீழே சில்லென்று ஏதோ வந்து தாங்கியது; பதமாக, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பதத்தில், மேலே தள்ளி மூடியது. கையால் துழாவினார். தன் தாடி முள் மட்டும் தட்டுப்பட்டது. தாடை திறக்கவில்லை. அதுவே அவரைத் தலையணையில் மெல்லச் சாய்த்தது. கன்னத்தில் புது ஐஸ் வந்து உட்கார்ந்தது.

நாலு மணிக்கு மரப்பு விட ஆரம்பித்தது. முதலில் உதடு. அப்புறம் நாக்கு. அது மெதுவாக வலப்பக்கம் போனது, பஞ்சைத் தேடி.

பஞ்சு இல்லை.

வழவழப்பாக ஒன்று. நடுவில் ஒரு மூட்டு. நுனியில் நகம்.

உதட்டை விரலால் தடவினார். மூடியிருந்தது. வெளியே ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நாக்கு அதன் அடியைத் தேடிப் பின்னால் போனது. பல் இருந்த குழி. அங்கிருந்துதான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னங்க, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வரலையாம். இருந்து பாத்துட்டு காலையில வரட்டுமா?"

"ம்ம்ம்! ம்ம்ம்!"

"ஐயோ, பேசாதீங்க! ரத்தம் வரும். தட்டுங்க போதும்."

இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டித் தட்டினார். ஒன்று. ஒன்றே ஒன்று.

வாய்க்குள் விரல் மடங்கியது. நகம் அவர் பல்லில் பட்டது.

டொக்.

"ரைட்டு," என்றாள் மனைவி.